சார் என்றும் மேஸ்திரி என்றும்

கண்ணு கார்த்தி,

நேற்று நீ போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ சொல்வதையெல்லாம் உன் அம்மா எனக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சென்னையில் உன் கம்பெனி புதிதாக எந்த சைட்டும் எடுக்கவில்லை, இருக்கிற ஆட்களையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறாய். தாராபுரம் ரோட்டில் இருக்கும் பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவுக்குப் பகுதி நேரமாக ஆள் எடுக்கிறார்களாம். சில நாள் அங்கே வகுப்பு, மற்ற நாளில் சின்னச் சின்ன வீட்டு வேலைகளை எடுத்துக் கட்டுவது, பொழுது சாய்ந்தால் நம் வீட்டுச் சோறு. "அப்பா ரெண்டையும் பாக்கலீங்களா, அதே மாதிரி நானும் பாத்துக்கறேன்" என்று நீ சொன்னதை மட்டும் அவள் இரண்டு தடவை சொன்னாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆச்சுங்கப்பா என்றாய். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நம் வீட்டில் போனில் அதற்குமேல் பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் அறையில் கூட இருக்கும் பையன்களுக்குக் கொடுத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவர்களிலும் யாராவது ஊருக்குத் திரும்பி இரண்டு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அப்பா இரண்டையும் பார்த்தார் என்கிறாய். அது உண்மைதான். ஆனால் காலையில் தலை வாரிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அப்பாவையும், சாயங்காலம் மேலெல்லாம் சிமெண்டோடு வரும் அப்பாவையும்தான் நீ பார்த்தாய். நடுவில் இருந்த பகல் உனக்குத் தெரியாது. அதை நானும் உனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டாய் என்று தோன்றுகிறது.

உடுமலையில் பி.எஸ்ஸி. கணக்குப் படிக்கும்போதே விடுமுறையில் கொமரலிங்கத்துக்குப் போய் உன் அப்புச்சியிடம் கொத்துக் கரணை பிடிக்கப் பழகினேன். அவர் அந்தப் பக்கம் பெயர் எடுத்த மேஸ்திரி. படித்த பையன் கை கூசாமல் வேலை செய்கிறானே என்று அவருக்கு என்மேல் பிரியம். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்து நின்றபோது தன் பெண்ணையே, உன் அம்மாவை, எனக்குக் கொடுத்தார். அரசு வேலை வரும்வரை கட்டட வேலை என்பதுதான் அப்போது பேச்சு. ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊரில் வளர்ந்தவளை இந்த மேட்டுக்காட்டுக்குக் கூட்டி வந்தேன். இங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் ஆடு, மாடு. உன் அம்மா அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சீக்கிரம் வேலை வந்துவிடும், ஏதாவது ஒரு டவுனில் குடியிருப்போம் என்று அவளும் நம்பினாள். முருகனுக்கு வேண்டிக்கொண்டு கார்த்திகையில் பிறந்த உனக்கு அந்தப் பெயரை வைத்தாள்.

நீ நடக்கத் தொடங்கிய சமயம் நம்மூர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் மாறுதலாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகப் போடுகிறோம், காலையில் முதல் இரண்டு பீரியட் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் எடுத்துக் கொடுங்கள், பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். எனக்கு அது மழை பெய்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து என் நாள் இரண்டாகக் கிழிந்தது. காலையில் வகுப்பு. மணி அடித்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு முதலிபாளையம். அங்கே அப்போது எங்கே பார்த்தாலும் நிட்டிங் கம்பெனி, பிரிண்டிங் கம்பெனி என்று ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் அடுக்குக்குப் பின்னால் சட்டையை மாற்றிக்கொண்டு சாரம் ஏறுவேன். கூட வேலை செய்கிறவர்கள் காலையிலேயே வந்து பாதிச் சுவர் கட்டியிருப்பார்கள். தாமதமாக வருகிற மேஸ்திரியை யாருக்குப் பிடிக்கும்? அவர்களுக்கு ஈடுகொடுக்கச் சாப்பாட்டு நேரத்திலும் கட்டிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் சாக்பீஸைப் பிடித்தால், சிமெண்ட் தின்ற விரல் வெடிப்புகளில் தூள் இறங்கி எரியும். பலகையில் வட்டம் போடும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். அதைப் பார்த்து நான் கோபக்காரன் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

வீடு என்று ஒன்று இருந்தது, அதற்குத்தான் இரண்டு வேலையும். ஆனால் அந்த வீட்டில் நான் எப்போது இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்பதால் தளம் போடும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துக் கேட்டு வாங்குவேன். உன் அப்புச்சி இறந்த செய்தி அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. பாதித் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டியாகிவிட்டது. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பிளவு விழுந்து ஆயுசுக்கும் ஒழுகும். நான்தான் பொறுப்பு. முடித்துவிட்டு, குளிக்காமல், கொமரலிங்கம் போய்ச் சேரும்போது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். உறவினர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். உன் அம்மா எழுந்து நின்று, "எங்கப்பனா இருந்தாலும் தளத்த முடிச்சுப்போட்டுத்தானுங்க வந்திருப்பாரு" என்றாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு நாள் களத்தில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எந்தப் பேச்சும் இல்லாமல் தானாகவே, "அன்னைக்கு நீங்க வந்திருக்கலாமுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் அதை அத்தனை வருஷமும் உள்ளே வைத்திருந்திருக்கிறாள். நானும் குனிந்து சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் கஷ்டம்தான், கஷ்டம் எங்கேதான் இல்லை என்று நீ நினைப்பாய். உடம்பு கஷ்டத்தைச் சொல்ல இவ்வளவு எழுத மாட்டேன். உன்கூடப் பத்தாவது படித்த ஜோதிமணி விஷயத்தைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். அவள் உனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கணக்கில் உன்னை எப்போதும் தாண்டிவிடுவாள், நீ வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். பத்தாவது தேர்வில் நம் பள்ளியிலேயே அவள்தான் முதல். உன்னை நான் பாலிடெக்னிக்கில் சேர்க்க அலைந்துகொண்டிருந்த நாட்களில், அவளை மேலே படிக்க வைக்காமல் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் அப்பா பழனிச்சாமி ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஒரு சாயங்காலம் வேலை முடித்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதை உன்னிடம் சொன்னதில்லை.

அவர் மரியாதையான மனுஷன். உட்கார வைத்து, மோர் கொடுத்தார். நான் பேசினேன். இந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்தால் எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கும், டீச்சர் ஆகலாம், இன்ஜினியர் ஆகலாம், உங்கள் குடும்பமே தலையெடுத்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகளிடம் பேசிப் பேசி எனக்கு அந்தப் பேச்சு நன்றாக வரும். அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். புள்ளைக்குப் படிப்பு வரும்னு எங்களுக்கும் தெரியுதுங்க. ஆனா நீங்க எத்தனை படிச்சிருக்கறீங்க! போன வாரங்கூட எங்க கம்பெனிக்கு எதுத்தாப்பல சாரத்து மேல நின்னு பூசிட்டிருந்தீங்க, பாத்தனுங்க. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு கூப்பிடலீங்க. அத்தனை படிச்ச உங்களுக்கே இதுதான்னா, இவ படிச்சு என்னங்க சார் பண்றது?"

உள்ளே கதவோரத்தில் ஜோதிமணி நின்றிருந்தாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகாதுங்க என்று என்னமோ சொல்லிவிட்டு எழுந்தேன். என் முழங்கை வரைக்கும் கலவை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததை வெளியே வந்துதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்காகக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டே, "அவரு சொன்னதுல என்னங்க தப்பு? கண்ணுல பாத்ததத்தான சொல்லியிருக்கறாரு" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது, கண்ணு. காலையில் பலகைக்கு முன்னால் நின்று, படித்தால் முன்னுக்கு வரலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மத்தியானம் அதே பிள்ளைகளின் அப்பா, அம்மா, அக்காக்கள் போகிற வருகிற ரோட்டோரத்தில் சாரத்தின்மேல் நின்று, படித்தால் இப்படித்தான் ஆவாய் என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் நான் சொன்னதை மத்தியானம் நானே அழித்துவிடுகிறேன். பாடம் எடுக்க எடுக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கம்பெனி வேனில் ஏறிப் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதில் நானும் ஒரு காரணம் என்பதை அதற்கப்புறம் என்னால் மறக்க முடியவில்லை.

ஏதாவது ஒன்றை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். கட்டட வேலையைக் கொஞ்ச நாள் விட்டேன். பள்ளிக்கூடத்தில் வருவது அடுப்புக்குக்கூடப் போதவில்லை. அப்போதுதான் உன் அம்மா விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறிச் செக்கிங் வேலைக்குப் போனாள். நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய். அவள் வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எழும்போது அவள் போயிருப்பாள். பஞ்சுத் தூசி சேராமல் இருமத் தொடங்கியதும் அவளை நிறுத்திவிட்டு, நான் மறுபடியும் கரணையை எடுத்தேன். அப்படியானால் பள்ளிக்கூடத்தை விடுவோம் என்று விட்டேன். தலைமையாசிரியர் முதலிபாளையம் வரைக்கும் பஸ் ஏறி வந்து, வெயிலில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். பத்தாவதுக்குக் கணக்கு நடத்த ஆளே இல்லை சார் என்றார். சைட்டில் அத்தனை பேர் முன்னால் அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது எனக்கு இனித்தது. அந்த இனிப்பில் மறுநாளே போய்விட்டேன். அதுதான் என் பலவீனம். யாராவது சார் என்று கூப்பிட்டால் போதும்.

அப்புறம் ஒரு நாள் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒரு டீச்சரை அரசாங்கமே போட்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னுடைய பதிவு அப்படியே கிடக்க, பாடப்பிரிவு, இனச்சுழற்சி என்று எதையெல்லாமோ கடந்து அவளுக்கு வேலை வந்திருக்கிறது. நல்ல பெண். எந்தப் பிள்ளைக்கு எது வராது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக என்னை அனுப்பி வைத்தார்கள். அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். ஒரு வருஷம் கூட ஆகவில்லை, அவள் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மறுபடியும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். நான் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், கார்த்தி. மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டு நின்றேன். உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சோற்றுப் போசியை எடுத்துக் கையில் கொடுத்தாள். இப்போது என் வகுப்பில் பெஞ்சுகள் பாதி காலி.

இந்த வருஷம் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் ஷெட் கட்டுவது நின்றுவிட்டது. வேலை இல்லாத நாட்கள் கூடிப் போயின. நாலு மாதத்துக்கு முன்னால் அவிநாசிபாளையத்துப் பக்கம் வடநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக லைன் வீடு கட்டும் வேலை ஒன்று கிடைத்தது. அங்கே கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாளாக ஜோதிமணி வந்தாள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அவள் வேலை செய்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். நான் மேலே நிற்கிறேன், அவள் கீழேயிருந்து சட்டியைத் தூக்கிக் கொடுக்கிறாள். சைட்டில் எல்லோருக்கும் நான் மேஸ்திரி. அவள் மட்டும் சார் என்றாள். வேண்டாம்மா, மேஸ்திரி என்றே கூப்பிடு என்று சொல்லிப் பார்த்தேன். "வாய்ல வரமாட்டீங்குதுங்க சார்" என்று சிரித்தாள். அந்த வீடு முடியும் வரைக்கும் அவள் ஒவ்வொரு தடவை சார் என்று கூப்பிட்டபோதும் அவளைப் பார்க்காமல் சட்டிக்குக் கையை மட்டும் நீட்டினேன். எந்தச் சொல்லுக்காக நான் ஏங்கினேனோ அதே சொல்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் உன்னைப் பற்றிக் கேட்டாள். இன்ஜினியராகச் சென்னையில் இருக்கிறான், பெரிய பெரிய கட்டடம் எல்லாம் அவன் மேற்பார்வையில்தான் என்று சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் முகத்தில் பொறாமையே இல்லை. "அப்ப நம்ம கிளாஸ்ல ஒருத்தராச்சும் தப்பிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க சார்" என்றாள். அன்றைக்கு என்னால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. ஆனாலும், கண்ணு, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நடமாடினேன். ஒருத்தன் தப்பித்துவிட்டான், அவன் என் மகன் என்று. நேற்று உன் போன் வந்தது.

இன்று காலையில் வகுப்பு முடிந்ததும் துவைத்த வெள்ளைச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பாலிடெக்னிக்குக்குப் போனேன். உனக்காகக் கேட்கவா, அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு உன்னைத் தடுக்கவா என்று எனக்கே தெளிவில்லை. ஆபீசுக்கு வெளியே நீள பெஞ்சில் உன் வயதுப் பையன்களும் பெண்களும் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் சுவரோரமாகவும் நின்றிருந்தார்கள். அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது, எல்லோரும் உன்னைப் போலத்தான், எங்கெங்கேயோ வேலை போய்த் திரும்பி வந்தவர்கள். எல்லோரும் அந்த ஒரு பகுதி நேர வேலைக்குத்தான். நான் வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு பையன் எழுந்து வந்தான். நல்ல பையன், பணிவாகத்தான் கேட்டான். "ஏனுங்கண்ணா, கட்டட வேலைக்கு வந்தீங்களா? பின்னாடி டாய்லெட் பில்டிங் கட்டறாங்க. இப்படியே சுத்திப் போயிருங்க" என்றான். வெள்ளைச் சட்டை போட்டும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை தம்பி, நான் கணக்கு வாத்தியார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் காட்டிய பக்கமே போனேன்.

அங்கே உண்மையாகவே ஆள் பற்றாக்குறை. மேஸ்திரி எனக்குத் தெரிந்தவர்தான். பூச்சு வேலைக்கு நாளையிலிருந்து வர முடியுமா என்றார். இந்த மாதம் எனக்கு வேறு வேலை இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் உன் அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு, வேறு எங்கே போ என்று உனக்குச் சொல்ல எனக்கு ஓர் இடம் தெரியவில்லை. அதனால் வா. அந்தக் கூட்டத்தில் உனக்குத்தான் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஒருவேளை கிடைத்தால், நீ வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போது வெளியே சாரத்தின்மேல் நான் தெரிவேன். உன் மாணவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நீ என்னைக் கூப்பிட வேண்டாம், இறங்கி வந்து பார்க்கவும் வேண்டாம். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடத்தை நடத்து. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா